ஆறு மணிப் பந்தி

“முதல் பந்திதாங்க வேணும். ரெண்டாவது வேண்டாம்.”

நீலச் சட்டைக்காரர் இதை மூன்றாவது முறையாகச் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்தவள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கப்பல் சுற்றுலாவுக்கு டிக்கெட் போட்டுப் போட்டே அந்தப் பயண அலுவலகத்தில் அவளுக்குக் கப்பல் அக்கா என்று பெயர் வந்துவிட்டது. கப்பலில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கு ஒரு தடவை, எட்டரைக்கு ஒரு தடவை என்று நடக்கும். வருகிறவர்களுக்குச் சட்டென்று புரியட்டும் என்று அவள் அதைப் பந்தி என்றே சொல்லிப் பழகியிருந்தாள்.

அவள் ஒரு நாளும் கப்பலில் கால் வைத்ததில்லை என்பது வேறு விஷயம். அதற்காக வர்ணனையில் குறை வைக்க மாட்டாள். இரண்டு மாடி உயரத்துக்குச் சாப்பாட்டுக் கூடம், கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கும் விளக்குகள், ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடலைத் தவிர வேறொன்றும் கிடையாது. வாசலில் வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் குனிந்து வரவேற்பார் என்று அவள் சொன்னபோது, அவர் நாற்காலியின் நுனிக்கே வந்துவிட்டார்.

“என் பொண்ணுக்கும் குனிவாரா?”

“கைக்குழந்தையா இருந்தாலும் குனிவாருங்க.”

இப்படி வாயைப் பிளந்து கேட்கிற ஆள் கிடைத்து அவளுக்கு எத்தனையோ நாளாகிவிட்டது. இதற்கு முன் கப்பலில் போயிருக்கிறீர்களா என்று கேட்டாள். இப்படி மேஜையில் உட்கார்ந்து சாப்பிடப் போனதில்லை என்றார். அவளுக்கு உற்சாகம் பொறுக்கவில்லை. மேல் தளத்து நீச்சல் குளத்தையும் சேர்த்து அவிழ்த்துவிட்டாள்.

டிக்கெட் யார் யாருக்கு என்று வந்தபோதுதான் இடித்தது. மனைவிக்கு ஒன்று, ஒன்பது வயது மகளுக்கு ஒன்று, ஐந்து வயது மகனுக்கு ஒன்று. தனக்கு வேண்டாம், வேலை இருக்கிறது என்றார்.

“அண்ணே, கொஞ்சம் யோசிங்க. ஒரு அறையில முதல் ரெண்டு பேருக்கு முழுக் கட்டணம். அது குழந்தையா இருந்தாலும் முழுசுதான். மூணாவது ஆள்லேர்ந்துதான் பாதி. நீங்களும் வந்தா ரெண்டு பிள்ளைக்கும் பாதியாயிடும். மேல ஒரு அரை டிக்கெட் காசு போட்டா நாலு பேருமா போயிட்டு வந்துடலாம்.”

அவர் சிரித்தபடி தலையாட்டி மறுத்துவிட்டார். பெண்டாட்டி பிள்ளைகளை ஊர் சுற்ற அனுப்பிவிட்டு வீட்டில் காலை நீட்டிக்கொள்ளும் கணவர்களை அவள் பார்க்காதவள் அல்ல. ஆனால் அப்படிப்பட்டவர்கள் சாப்பாட்டு நேரத்துக்காக இப்படி மல்லுக்கட்ட மாட்டார்கள்.

எட்டரைப் பந்தி எடுத்தால் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, கண்ணாடி ஓரத்து மேஜையும் கிடைக்கும் என்று ஆசை காட்டினாள். அவர் மசியவில்லை. பிள்ளைகள் சீக்கிரம் தூங்கிவிடுவார்களா என்று கேட்டாள். சின்னவன் பத்து மணி வரை குதிப்பான் என்றார். அப்படியானால் மேல் தளத்துப் பஃபேயில் எந்த நேரத்திலும் சாப்பிடலாமே என்றாள். அங்கே வேண்டவே வேண்டாம், கீழே அந்தக் கூடத்தில்தான் சாப்பிட வேண்டும் என்றார்.

கடைசியில் திரையைத் தட்டிப் பார்த்தால் ஆறு மணிப் பந்தி நிரம்பியிருந்தது. அவர் முகம் அப்படியே தொங்கிப்போனது.

“அப்ப டிக்கெட்டே வேண்டாங்க” என்று எழுந்துகொண்டார்.

இவ்வளவு நேரம் கண்கள் விரியக் கேட்ட மனிதரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. உட்காரச் சொல்லிவிட்டுக் கப்பல் நிறுவனத்துக்குப் போன் போட்டாள். இருபது நிமிடம் காத்திருந்து, கெஞ்சிக் கூத்தாடி ஒரு மேஜை வாங்கினாள். ஆனால் அது தூணுக்குப் பின்னால் இருந்தது.

“கடல் கொஞ்சம்கூடத் தெரியாதா?”

“தூண் மறைச்சிடும்.”

முதல் முறையாக அவர் தயங்கினார். பெண் கடலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட ஆசைப்பட்டாளாம். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே முடிவைச் சொன்னார்.

“கடலை மேல் தளத்துல நின்னு பார்த்துக்கட்டும். இதையே போட்டுடுங்க.”

பணம் கட்டி முடித்ததும் கடைசிப் படிவத்தை எடுத்தாள். கப்பலில் போகிறவர்களுக்கு ஏதாவது என்றால் தகவல் சொல்லக் கரையில் ஒருவருடைய நம்பர் வேண்டும். உங்களுடையதையே எழுதிவிடுகிறேன் என்று பேனாவைத் திறந்தாள்.

“என்னோடது வேண்டாங்க, மச்சான் நம்பரை எழுதுங்க. நான் கரையில இருக்க மாட்டேன்.”

“அப்ப எங்கே இருப்பீங்க?”

அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

“அதே கப்பல்லதாங்க. பதினோரு வருஷமா அடித்தளத்துல தட்டு கழுவுறேன், லீவு முடிஞ்சு அடுத்த வாரம் ஏறணும். நீங்க சொன்ன அந்தக் கூடத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்ல, எங்களை மேல விட மாட்டாங்க. எட்டரைப் பந்திக்கு வேற ஆளு. ஆறு மணிப் பந்தித் தட்டெல்லாம் என் கைக்குத்தான் இறங்கி வரும். எதுன்னு தெரியாது, ஆனா தினமும் அதுல மூணு என் வீட்டுத் தட்டு.”