ராகுலன் போட்ட நிபந்தனை

"கலியாணத்துக்குப் பிறகு துர்க்கா ஸ்கீ ஓடக் கூடாது, அன்ரி. அதுக்கு ஓமெண்டால்தான் நாள் பாக்கலாம்."

மங்கையற்கரசி தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். மகள் துர்க்காவைக் கூட்டிக்கொண்டு நோர்வேயிலிருந்து ரொறன்ரோ வந்தவர், அன்றுதான் முதன்முதலாக அருகிலுள்ள அஜக்ஸில் மாப்பிள்ளை ராகுலனின் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு வருடமாகத் தொலைபேசியில் அன்பாகப் பேசிய பிள்ளையா இது?

"தம்பி, இவள் நோர்வே பனிச்சறுக்கு அணியில ஸ்பிரின்ற் ஓடுறவள். நடக்கத் தொடங்கினவுடன ஸ்கீயில ஏறின வெள்ளைக்காரப் பெட்டையளோட முட்டி மோதி வந்த இடம் அது. தெரியுமோ?"

"தெரியும், அன்ரி."

"தெரிஞ்சுமோ கேக்கிறீர்?"

ராகுலன் ஆமென்று தலையாட்டினான். அவனுடைய தாய் ஜெயமலருக்கே அதிர்ச்சி.

"டேய், உனக்கென்ன விசரே? நேற்று வரைக்கும் இவளின்ர ஓட்டத்தைப் பற்றித்தானே பெருமை அடிச்சுக்கொண்டு திரிஞ்சனி!"

"அம்மா, நீங்கள் சும்மா இருங்கோ."

மங்கையற்கரசியால் இருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னல்வரை போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

"மீன் ஃபக்டரியில ஐஸுக்குள்ள கை விறைக்க விறைக்க நிண்டு இவளை ஓட வைச்சனான். தகப்பனில்லாத பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாதெண்டு! துர்க்கா, நீயாவது வாயைத் திற!"

சோபா நுனியில் இருந்த துர்க்கா கார்ப்பெற்றைப் பார்த்தபடியே சொன்னாள்.

"விடுங்கோ அம்மா. அவர் விருப்பப்படியே நான் நிப்பாட்டுறன்."

"என்னடி சொல்லுறாய்? ஒரு ஆம்பிளை சொன்னவுடன எல்லாத்தையும் விட்டிடுவியோ? இதுக்கோ உன்னை வளர்த்தனான்?"

துர்க்கா இன்னும் குனிந்துகொண்டாள்.

"எழும்பு! இந்தக் கலியாணம் வேண்டாம். ரெக்ஸ்டேலில இருக்கிற மாமாவை வரச் சொல்லுறன். அடுத்த பிளேனிலயே போவம். நீ ஓடவேணும். நான் உயிரோட இருக்கிறவரைக்கும் நீ ஓடவேணும்!"

தொலைபேசியைத் தேடி அவர் சமையலறைக்குள் நுழைய, ஜெயமலர் "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ, அவனோட நான் கதைக்கிறன்" என்று பின்னாலேயே ஓடினார்.

முன்னறையில் இருவரும் தனித்திருந்தார்கள். ராகுலன் துர்க்காவுக்கு அருகில் வந்து குனிந்தான்.

"நீர் சொல்லித் தந்த மாதிரியே சொல்லிப்போட்டன், துர்க்கா, பழி என்னில இருக்கட்டும். ஆனா இப்ப கலியாணமே நிக்கப்போகுது... உம்மட முழங்கால் இனி எந்தப் போட்டியையும் தாங்காதெண்டு டொக்டர் சொன்னதை, அன்ரியிட்ட நானே சொல்லட்டோ?"