மணிமதில் வாயில்காவல்காரி

நண்பர்கள் பகடை உருட்ட, விளையாட்டு மேசையில் பதித்த கணினித் திரையில் நான் கதை நடத்திய கற்பனை நகரம் மணிமதில். பூதப்படை அதைச் சூழ்ந்த ஒரு ஞாயிறன்று ஆட்டத்தை நிறுத்தினேன். "கதவைத் திறக்காதீங்க, அடுத்த வாரம் வந்து காப்பாத்துறோம்" என்று வாயில்காவல்காரி கொற்றியிடம் சொன்னேன். பிறகு கல்யாணம், வேலை மாற்றம் என்று மறந்தே போனேன்.

ஆறு வருடம் கழித்து, மேசையை விற்பதற்காக ஒருவருக்கு இயக்கிக் காட்டினேன். மூடிய கதவோரம் கொற்றி தலை நரைத்து நின்றாள்.

"வந்துட்டீங்களா சாமி! பாதி ஊரு பசியில செத்துப்போச்சு. எல்லாரும் உங்கள ஏசுனாங்க. நான்தான், சாமி உலகத்துல இன்னும் ஒரு வாரம் ஆகியிருக்காதுன்னு சொல்லிச் சமாளிச்சேன். ஆகலதானே?"

"ஆகலம்மா" என்றேன்.

வாங்க வந்தவர் மேசையில் படிந்திருந்த தூசியை விரலால் துடைத்துவிட்டு, என்னைப் பார்த்தார்.