சம்பந்தி கொடுத்த மாத்திரை

சம்பந்தி ஆசையாக நீட்டுகிற கையை உங்களால் தட்டிவிட முடியுமா? அதுவும் அவர் வீட்டிலேயே தங்கிக்கொண்டு?

தையல்காரரால் முடியவில்லை. வாங்கிக்கொண்டார்.

வெள்ளை மாத்திரை. சட்டைப் பொத்தான் அளவு.

ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்ததுமே, பெரிய ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது என்று மகள் பிடிவாதமாகக் கூட்டிவந்துவிட்டாள். பெண்ணைக் கொடுத்த வீட்டில் வந்து படுத்துக் கிடக்கிறோமே என்று அவருக்குச் சோறு இறங்குவதில்லை. போதாக்குறைக்கு, கல்யாணத்தில் மரியாதை போதவில்லை என்று முறுக்கிக்கொண்ட சம்பந்தி அன்றிலிருந்து முகம் கொடுத்துப் பேசியதே இல்லை. பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஸ்டாப் இல்லாத இடத்தில் கை காட்டுகிறவனைப் பார்ப்பதுபோலத்தான் இவரைப் பார்ப்பார்.

ஊசியெல்லாம் முடிந்துவிட்டது. நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை. அது ஒழுங்காக உள்ளே போய்க்கொண்டிருந்தால் பயமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கால் கட்டைவிரல் வீங்கிக்கொண்டது. போர்வை பட்டாலே உயிர் போயிற்று.

சம்பந்திக்கும் பல வருஷமாக அதே வலி. இவர் நொண்டுகிற விதத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"யூரிக் ஆசிட். நம்ம சொத்துல உங்களுக்கும் பங்கு வந்துடுச்சு சம்பந்தி. சாப்பிட்டுட்டு இதைப் போடுங்க."

கல்யாணத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் முழு வாக்கியம்.

கொடுத்துவிட்டுச் சம்பந்தி கடைக்குக் கிளம்பினார். மாத்திரையைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தையல்காரர் சாப்பிட்டார். வெகுநாளைக்கப்புறம் சோறு ருசித்தது. இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார்.

கை கழுவிவிட்டு வந்து மாத்திரையை நாக்கில் வைத்தார். தண்ணீர் தம்ளரை எடுத்தார்.

கதவு படாரென்று திறந்தது.

சம்பந்தி. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வந்து, தையல்காரரின் தாடையை ஒரு கையால் பிடித்து, மறுகை விரலை வாய்க்குள் விட்டார்.

"துப்புய்யா. துப்புன்னா துப்பு."

தம்ளர் உருண்டது. மாத்திரை தரையில் விழுந்தது. அதைப் பொறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தையல்காரர் உருண்ட தம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தார். கொடுத்ததை வாய்க்குள் கை விட்டா பிடுங்குவார்கள்? ஒரு மாத்திரைக்கா இவ்வளவு?

துணிமணியைப் பையில் திணிக்க ஆரம்பித்தார். நோய் திரும்பி வந்து செத்தாலும் சொந்த வீட்டில் சாகலாம்.

பை பாதி நிறைந்தபோது மகள் வேலையிலிருந்து வந்தாள். வரும் வழியில் கீழே மருந்துக் கடையில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

இனி என் சம்பந்திக்கும் சேர்த்து இரண்டு அட்டையாகக் கொடும்மா என்று சம்பந்தி கடைக்காரப் பெண்ணிடம் பெருமையாகக் கேட்டிருக்கிறார். இவருடைய புற்றுநோய் மாத்திரையை வரவழைத்துக் கொடுப்பதும் அதே கடைக்காரப் பெண்தான். அவள் பதறிப்போயிருக்கிறாள். யூரிக் ஆசிட் மாத்திரை உள்ளே போனால் புற்றுநோய் மாத்திரை உடம்பை விட்டு இறங்காது. அங்கேயே சேர்ந்துபோய், ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். ஆளையே கொண்டுபோய்விடும்.

ஒரு வேளை போட்டால் ஒன்றும் ஆகிவிடாது, தொடர்ந்து போட்டால்தான் ஆபத்து என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரைக் காணோமாம். லிஃப்ட் வரும்வரைகூட நிற்காமல், அந்தக் காலோடு நாலு மாடியும் படியேறி ஓடியிருக்கிறார்.

தையல்காரர் பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தார்.

சம்பந்தியின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே முனகல் கேட்டது. கதவைத் தட்டாமல் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சம்பந்தியால் காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. தையல்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, துணியில் ஐஸ் சுற்றி ஒற்றிக்கொடுத்தார்.