வெறும் பெட்டி

பெட்டி பாரமாயிருந்தது.

படம் எடுக்க வெறும் பெட்டியே காணும் எண்டு அப்பாதான் சொன்னவர். ஆனா காரிலயிருந்து இறக்கேக்கை வினோஜாவின்ரை கை இழுபட்டுப் போச்சு. உள்ள ஏதோ கிலுகிலுத்தது. அப்பப்பாவின்ரை பிரஷர் குளிசைப் போத்தில்.

வினோஜா அப்பாவைப் பாத்தாள்.

நேற்றுத்தான் குசினிக்குள்ள அப்பா அம்மாவிட்டைச் சொன்னவர், இனியும் அப்பப்பாவை வீட்டில தனிய விட்டிட்டு வேலைக்குப் போகேலாது எண்டு. அம்மா கோப்பை கழுவிக்கொண்டு நிண்டவா.

படம் பொங்கல் விழாவுக்கு. பெத்த தகப்பனை முதியோர் இல்லத்து வாசலில இறக்கிவிட்டிட்டு ஓடுற மகனின்ரை கதை. முதல்ல சிரிப்பு, பேந்து அழுகை. அந்த மகனாய் நடிக்க ஒருத்தரும் வரேல்லை, பேர் கெட்டுப்போகுமாம். கடைசியில கதை எழுதின அப்பாவே மகன். தகப்பனுக்கு ஆள் தேடத் தேவையில்லை, அப்பாவைப் பெத்த அப்பப்பாவே இருக்கிறார்.

படம் எடுக்கக் கார்ட்டியர்வில் பக்கம் இந்த முதியோர் இல்லத்தைப் பிடிச்சுத் தந்ததும் அப்பப்பாதான். உள்ள ஒரு சினேகிதன் இருக்கிறானாம்.

அம்மா படம் எடுக்கப் போனைப் பிடிச்சா. வினோஜா மைக் தடியைப் பிடிச்சாள். அப்பா பெட்டியைப் பனிக்குள்ள வைச்சிட்டு, திரும்பிப் பாக்காமல் நடந்தார்.

கதைப்படி அப்பப்பா அழவேணும். அழேல்லை.

"ஐயா, கொஞ்சம் அழுங்கோவன்! பிள்ளை விட்டிட்டுப் போறான், நீங்கள் பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியெல்லோ நிக்கிறியள்" எண்டார் அப்பா.

"வருகுதில்லையடா."

திரும்ப எடுத்திச்சினம். திரும்பவும் வரேல்லை. வினோஜா மைக் தடியைப் பனிக்குள்ள போட்டிட்டுக் கத்தினாள்.

"அப்பப்பாவின்ரை சாமானெல்லாம் பெட்டிக்குள்ள இருக்கு. நீங்கள் உண்மையாத்தான் விட்டிட்டுப் போகப்போறியள்!"

அப்பா அம்மாவைப் பாத்தார். அம்மா அப்பாவைப் பாத்தா. மற்றவர்தான் தனக்குச் சொல்லாமல் பெட்டி அடுக்கினதெண்டு ரெண்டு பேரும் நினைச்ச மாதிரி இருந்தது.

ரெண்டு பேருக்கும் கோவம் வரேல்லை. அதுதான் வினோஜாவுக்கு இன்னும் பயமாயிருந்தது.

அப்பப்பா பெட்டியைத் தூக்கினார். கதவடிக்குப் போய், ஒருத்தரிட்டையும் கேக்காமல், பூட்டில நம்பரை அமத்தினார்.

கதவு திறந்தது.

உள்ள ஒரு மேசையில மூண்டு கிழவர்மார் காட்ஸைக் குலுக்கிக்கொண்டு இருந்திச்சினம். முந்நூற்றிநாலு எண்ட காட்ஸ் விளையாட்டுக்கு நாலு பேர் வேணும். நாலாவது கதிரையில, போன மாசம் துலைஞ்சு போச்செண்டு வீடு முழுக்கத் தேடின அப்பப்பாவின்ரை மப்ளர் கிடந்தது.

"ஐயா! சனம் படத்தைப் பாத்திட்டு என்னையெல்லோ குறை சொல்லப்போகுது!" அப்பா கத்தினார்.

போறவர் திரும்பிப் பாக்கக்கூடாதெண்டு கதையில எழுதினது அப்பாதான்.

அப்பப்பா திரும்பிப் பாக்கேல்லை.

அம்மா இன்னும் போனை இறக்கேல்லை. அவ்வளவு நேரமாய் வராத அழுகை கடைசியில வந்தது.

அப்பாவுக்கு.