மங்கலான படம்

கடல் உயிரியல் ஆய்வுக்கூடத்துக்குள் வாலில் தீப்பட்டவர் போல நுழைந்தார் உதவிப் பேராசிரியர். துறைத் தலைவி நண்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ஆய்விதழ்லேர்ந்து ஒரு கட்டுரையை என் கருத்துக்கு அனுப்பியிருக்காங்க. எழுதினவன் பேரை மறைச்சிட்டாங்க. இந்த நண்டு ஆயுசுக்கும் ஒரே தடவைதான் முட்டை போடும்னு நீங்க கண்டுபிடிச்சது தப்பாம்!"

"ஆதாரம் இருக்கா?"

"அதெல்லாம் பக்காவா இருக்கு. ஆனா, உலகமே உங்க ஆராய்ச்சியை வெச்சுத்தான் எழுதுது. இது வெளிய வந்தா உங்க பேரு நாறிடும். நாலு குறை சொல்லித் தள்ளிவிட்டுடறேன்."

"தள்ளினே, அப்புறம் என் முகத்துலயே முழிக்காதே."

உதவிப் பேராசிரியருக்கு ரத்தம் கொதித்தது. "எவனோ வயித்தெரிச்சல் பிடிச்சவனுக்காகவா அக்கா இப்படிப் பேசறீங்க?"

துறைத் தலைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டார்.

"குறை சொல்லியே தீரணும்னா, மூணாவது படம் மங்கலா இருக்குன்னு எழுது. நேத்து நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன், மாத்தி அனுப்பிடறேன்."