கால் மணி நேரச் சுடுதண்ணீர்

"ரெண்டு நாளா ஹீட்டர் சுடலைன்னா என்கிட்ட சொல்ல வேண்டாமா? வாயில பூட்டா போட்டிருக்கு?"

மெக்கானிக் பையோடு உள்ளே நுழையும்போதே வீட்டுக்காரம்மாவின் குரல் தெருவரைக்கும் கேட்டது. திட்டு வாங்கிக்கொண்டிருந்தவர், பாத்திரம் கழுவ வருகிற அக்கா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு கைகளையும் துடைக்கிற துணிக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

"பச்சைத் தண்ணியிலயே கழுவிட்டேன்மா. பாத்திரம் பளிச்சுன்னுதான் இருக்கு."

"பாத்திரத்தை யார் கேட்டா? தினமும் காலைல கால் மணி நேரம் இந்தக் குழாய்ல சுடுதண்ணி ஓடணும். இல்லேன்னா டேங்க்ல உப்பு அடைச்சு ஹீட்டரே வெடிச்சிடும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? சும்மா திறந்து விட்டுட்டு நிக்கவும் கூடாது. ஓடுற தண்ணியிலயே கழுவணும். புரியுதா?"

"சரிம்மா."

மெக்கானிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து வருஷமாக ஹீட்டர் மாட்டுகிறார், கழற்றுகிறார். இப்படி ஒரு சட்டத்தை எந்த வீட்டிலும் கேட்டதில்லை. வேலைக்கு வருகிறவர்களை விரட்ட என்னவெல்லாம் கண்டுபிடிக்கிறார்கள் என்று மனதுக்குள் கறுவிக்கொண்டே ஏணியில் ஏறினார்.

சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, அடிமூடியைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைச் சுட வைக்கிற காயில் கம்பி முழுக்க வெள்ளை வெளேரென்று உப்பு. நடுவில் ஓரிடத்தில் வெடித்தும் இருந்தது.

"காயில் போயிடுச்சும்மா. அதை மட்டும் மாத்தினாப் போதும். டேங்க் நல்லா இருக்கு, புது ஹீட்டர் எல்லாம் வேண்டாம்."

"இன்னிக்கே முடியுமா?"

"காயில் பையிலயே இருக்கு. ஒரு மணி நேரம்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, உங்க மேல ஒரு தப்பும் இல்ல. இந்தத் தண்ணியில உப்பு ஜாஸ்தி. தினமும் கால் மணி நேரம் எல்லாம்..."

"தம்பி!"

வீட்டுக்காரம்மா போட்ட சத்தத்தில் ஸ்பேனர் கைநழுவிக் கீழே விழுந்தது.

"வந்த வேலையைப் பாருங்க. ஏய், நீ ஏன் வேடிக்கை பார்த்துட்டு நிக்கறே? மாடியில துணி காய்ஞ்சிருக்கும். எடுத்து மடிச்சு வெச்சுட்டு வா."

அக்கா போனார். மெக்கானிக் ஏணியைவிட்டு இறங்கினார். மனதில் பட்டதை விழுங்கிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

"அம்மா, கோவிச்சுக்காதீங்க. டேங்க்கை வருஷத்துக்கு ஒரு தடவை கழுவினாப் போதும். வயசான மனுஷியைப் பொய் சொல்லி விரட்டறது நல்லாவே இல்ல. நான் அவங்ககிட்ட உண்மையைச் சொல்லிட்டுத்தான் போவேன்."

வீட்டுக்காரம்மா மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். குரல் தணிந்துவிட்டது.

"சொல்லிடாதீங்க தம்பி. அவ கையைப் பார்த்தீங்களா?"

"துணிக்குள்ள வெச்சிருந்தாங்க."

"அப்படித்தான் மறைச்சுக்குவா. மூட்டு மூட்டா வீங்கிப்போய் விரல் மடங்காது. பச்சைத் தண்ணி பட்டா வலியில உதட்டைக் கடிச்சுக்குவா. முன்ன வேலை செஞ்ச வீட்டுல ஒரு கண்ணாடிக் கிண்ணம் கைநழுவி உடைஞ்சிருக்கு. கை போனதுக்கப்புறம் நீ எதுக்குன்னு அன்னிக்கே நிறுத்திட்டாங்க. அந்த விஷயம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுட்டிருக்கா."

"சுடுதண்ணியில கழுவிக்கோன்னு நேரா சொல்லிடலாமேம்மா?"

"சொல்லாம இருப்பேனா? 'என் கைக்கு என்னம்மா, நல்லாத்தானே இருக்கு'ன்னு அழுதுட்டா. மறுநாள் வேணும்னே பரண்ல இருந்த பாத்திரத்தை எல்லாம் இறக்கிப் பச்சைத் தண்ணியில தேய்ச்சா. கையுறை வாங்கிக் கொடுத்தேன், தொடவே இல்ல. நல்லவிதமா சொன்னா, வேலை போயிடும்னு பயப்படறா. ஹீட்டருக்காகன்னு திட்டினா செய்யறா. நான் என்ன பண்ணட்டும்?"

மெக்கானிக்குக்கு முகம் என்னவோ போலாகிவிட்டது. இந்தம்மாவைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம் என்று வெட்கமாக இருந்தது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்.

புதுக் காயிலை மாட்டி, டேங்க்கை நிரப்பி, சுவிட்சைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் குழாயில் ஆவி பறந்தது.

கருவிகளைப் பையில் போடும்போது அக்கா இறங்கி வந்தார். நேராக மெக்கானிக்கிடம்தான் வந்தார்.

"தம்பி, அப்போ ஏதோ சொல்ல வந்தீங்களே, கால் மணி நேரம்னு. அப்படி ஓட விடத் தேவையில்லையா? தேவையில்லேன்னா சொல்லிடுங்க. நான் பச்சைத் தண்ணியிலயே கழுவிக்குவேன். எனக்கொண்ணும் சிரமமில்ல."

கைகள் மறுபடி துடைக்கிற துணிக்குள் போயிருந்தன. வீட்டுக்காரம்மா அந்தப் பக்கம் திரும்பி நின்று, துடைத்த மேடையையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தொண்டையைச் செருமிக்கொண்டார். அப்புறம் வீட்டுக்காரம்மாவைவிட ஒரு படி மேலாகவே குரலை உயர்த்தினார்.

"யார் சொன்னது தேவையில்லேன்னு? கால் மணி நேரம் பத்தாதுன்னு சொல்ல வந்தேன்! நாளையிலேருந்து அரை மணி நேரம் ஓடணும், நல்லா சூடா. புரியுதாக்கா?"