செடிக்குப் போட்ட ஏசி

இந்தக் கோடைக்கு ஏசியே வேண்டாம் என்று பரிமளா முடிவெடுத்தபோது அவள் கணவர் தயாளன் மறுபேச்சுப் பேசவில்லை. ஐந்தாம் நாள் பால்கனியில் இருந்த மல்லிச்செடி தலை தொங்கிப்போனது. அப்போதுதான் இருவருக்கும் உறைத்தது. மூன்று வருடமாக அந்தச் செடி குடித்ததெல்லாம் ஏசிக் குழாயிலிருந்து வாளியில் சொட்டிய தண்ணீர். போர் தண்ணீரின் உப்புக்கு ஏற்கெனவே இரண்டு செடிகள் கருகிவிட்டன. லாரியில் வரும் குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்ற அவளுக்கு மனம் வரவில்லை. செடியிலோ முதல் தடவையாக ஏழு மொட்டுகள்.

"ஒரு மணி நேரம் போடலாமா?" என்றார் தயாளன்.

"நமக்கா?"

"சேச்சே, செடிக்குத்தான்."

பரிமளா யோசித்தாள். "சரி. ஆனா நாம உள்ள இருக்கக் கூடாது."

ஏசியைப் போட்டுவிட்டு, கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பால்கனியில் வாளியருகே உட்கார்ந்தார்கள். மத்தியான வெயில் போதாதென்று, சுவரில் மாட்டியிருந்த ஏசிப் பெட்டி அவர்கள் முதுகில் அனல்காற்றை ஊதியது. உள்ளே யாருமில்லாத கட்டிலுக்கு மேலே நாட்காட்டித் தாள்கள் குளிரில் படபடத்தன. வாளியில் முதல் சொட்டு விழுந்தது.

"உள்ள சில்லுனு இருக்கும்ல?" என்றார் அவர்.

"இருக்கும்" என்றவள், முந்தானையால் அவர் கழுத்து வேர்வையை ஒற்றி எடுத்துவிட்டு, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.